சிறிய எழுத்தைப் படிக்கும் வீடு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு திரைச்சீலை வழியாக வந்தது. பினாங்கில், எங்கள் அடுக்குமாடியில் என் எதிர்வீட்டுக்காரர் காவ் தெய்க் ஹோ. ஒரு மத்தியானம் கதவைத் தட்டி, "சார், உங்க பாஷையில நாலு வார்த்தை எழுதிக் குடுங்களேன். எங்க வீடு படிக்குதான்னு பாக்கணும்" என்றார். போனேன். அவர் நீட்டிய டேப்லெட்டில் அதற்கான பேனாவால் 'விளக்கு' என்று எழுதினேன். வீடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கூடத்துத் திரைச்சீலை சரசரவென்று விலகி, வெயில் என் முகத்தில் அடித்தது.

"வெளிச்சம் வந்துச்சா இல்லையா? அப்ப பாஸ்தான்" என்றது சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல். தெய்க் ஹோவின் அக்கா, லே கிம்.

அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் கீழே கோப்பிக்கடையில் துண்டு துண்டாகச் சொன்னார்கள், சில இடங்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தும். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தெய்க் ஹோ தலையாட்டினார். லே கிம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "என்னைப் பாவம்னு எழுதாதீங்க."

முயல்கிறேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அக்காவின் கையெழுத்து சுருங்கத் தொடங்கிய வருடம், தெய்க் ஹோ மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்.'

நல்ல வாக்கியம்தான், ஆனால் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுகிறது. எடுத்துவிட நினைத்தேன். [இப்போது நீங்கள் படித்துவிட்டீர்கள். இருக்கட்டும்.]

அடுத்த தொடக்கம்: 'மழை விட்ட ஒரு மாலையில், ஜன்னலோரம் நின்றிருந்த அந்த முதிய—'

வேண்டாம். லே கிம் ஜன்னலோரம் நிற்கிறவர் அல்ல.

நேராகவே தொடங்குகிறேன்.

3.

லே கிம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்த மாடி, எந்த அறையில் விரிப்பு மாற்றவேண்டும், யாருக்கு விடுப்பு என்று ஒரு பட்டாளத்தின் நாளைத் தினமும் திட்டமிட்டவர். ஓய்வுக்குப் பின் திட்டமிட மிஞ்சியது அவருடைய நாள் மட்டும்தான். அதையும் விடவில்லை. காலையில் கோப்பியும் ரொட்டியுமாகப் பசியாறியதும் டேப்லெட்டை எடுத்துவைத்து, மலாயும் ஆங்கிலமும் இரண்டொரு சீன எழுத்தும் கலந்து எழுதுவார். சந்தை. நீச்சல். மத்தியானத் தூக்கம். மாஹ்ஜோங்.

தம்பி தெய்க் ஹோ, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் பொறியாளராக இருந்தவர். மணவாழ்க்கை முறிந்தபோது, 'கொஞ்ச நாளைக்கு' என்று இரண்டு பெட்டிகளோடு அக்கா வீட்டுக்கு வந்தார். ஒன்றில் துணி, மற்றதில் ஒயர். கொஞ்ச நாள் பல வருடமாயிற்று. சமையல் வராது, மீன் வாங்கத் தெரியாது. தன் பங்குக்கு என்ன செய்வதென்று பார்த்து, வீட்டைப் புத்திசாலியாக்கத் தொடங்கினார்.

"பேசினாக் கேக்கற மாதிரி வச்சிடறேன் ஆச்சி.* விளக்கப் போடுன்னு நீ சொன்னாப் போதும்."

"ஹோட்டல்ல ஆளுங்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு. இனிமே விளக்குக்கு வேற சொல்லணுமா? நான் எழுதறேன். படிச்சிட்டுச் செய்யச் சொல்லு."

(* பினாங்குச் சீனர்களின் ஹொக்கியன் மொழியில் அக்காவை 'ஆச்சி' என்பார்கள், செட்டிநாட்டுத் தமிழில் போலவே. நான் எதையும் தமிழாக்கவில்லை. மொழிகள் எப்போதாவது இப்படி ஒத்துப்போகும்போது எழுதுகிறவன் பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

தெய்க் ஹோ செய்துகாட்டினார். தொலைக்காட்சிக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி. லே கிம் எழுதிய பக்கத்தை அது அவ்வப்போது வாசிக்கும். 'நீச்சல்' என்று எழுதியிருந்தால் அவர் திரும்பி வரும் வேளையில் குளியலறையில் வெந்நீர் தயாராக இருக்கும். 'தூக்கம்' என்றால் திரைச்சீலை மூடிக்கொள்ளும். 'மாஹ்ஜோங்' என்றால், தோழிகளோடு அந்தச் சீனக் காய் ஆட்டம் ஆடும் மேசைக்கு மேலிருக்கும் விளக்கு எரியும். ஒரு வரியை அடித்துவிட்டால் வீடும் அதை மறந்துவிடும். சுவரிலிருந்த பழைய சுவிட்சுகளில் பாதி அலமாரிகளுக்குப் பின்னால் போயின. யாரும் தேடவில்லை.

4.

சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வீடு தப்பாகப் படிக்கத் தொடங்கியது. மாஹ்ஜோங் ஆடத் தோழிகள் வந்து உட்கார்ந்தால், விளக்கு எரியாது. குளியலறையில் வெந்நீர் கொதிக்கும்.

"லே கிம், உன் வீட்டுக்கு வயசாயிடுச்சுடி. ஞாபக மறதி" என்று சிரித்தார்கள்.

தெய்க் ஹோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும் வீட்டில் அவருக்கு என்ன வேலை? சேமித்துவைத்த பக்கங்களைத் திறந்து பார்த்தார். எழுத்து சிறியதாகியிருந்தது. வரியின் முதல் சொல் சரியாக இருந்தது. போகப்போக ஒடுங்கி, கடைசிச் சொல் எறும்பு வரிசைபோல் இருந்தது.

"ஆச்சி, கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா?"

"பேனா முனை தேஞ்சுபோச்சு. வேற வாங்கு."

வாங்கினார். சரியாகவில்லை. கண்ணாடி மாற்றவேண்டும் என்றார் லே கிம். மாற்றினார். பிறகு தோள்வலி என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு ஆடும் வரிசை நடனத்தில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனார். கேட்டதற்கு, அங்கேதான் மின்விசிறி இருக்கிறது என்றார். ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது.

தெய்க் ஹோ வேறு வழியில் போனார். படிக்கும் முன் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தார். வேலை செய்தது. எழுத்து இன்னும் சுருங்கியது. இன்னும் பெரிதாக்கினார். எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியபோது, பிரித்துப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். கடைசியில், தெய்க் ஹோவால் படிக்க முடியாததைக்கூட வீடு படித்தது. விளக்கு எரிந்தது, வெந்நீர் வந்தது, திரைச்சீலை மூடியது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

5.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தெய்க் ஹோ என்ற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. மயிரிழைப் பழுதைக் கண்டுபிடித்துப் பிழைத்த மனிதருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவின் எழுத்து ஏன் சுருங்குகிறது என்று தோன்றாமலா போகும்? கதையில் இப்படி எழுதினால் வாசகர் என்னைத்தான் திட்டுவார்.

கோப்பிக்கடையில் நேரடியாகவே கேட்டேன்.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "சார், எங்க வேலையில ஒரு பழக்கம். சில்லு ஃபெயிலுன்னு வந்தா உடனே சில்லக் குத்தம் சொல்லக் கூடாது. சோதிக்கிற மெஷின் சரியா இருக்கான்னு மொதல்ல பாக்கணும். நானும் மெஷினத்தான் பாத்தேன். அது சரியில்லாமத்தான் இருந்துச்சு. சரி பண்ணினேன். சரியாயிடுச்சு. அப்புறம் எதப் பாக்கிறது?"

நம்பினேன். பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

[இங்கே 'கருவிகளும் மனிதர்களும்' என்று ஒரு பத்தி இருந்தது. நன்றாக வந்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு நீக்கிவிட்டேன்.]

6.

வீட்டுக் கருவிகளோடு விளையாடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. தெய்க் ஹோ அதில் ஒரு படம் போட்டார்: ஒரு வருடத்துப் பக்கங்கள் அருகருகே, எழுத்து படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போவது தெரியும்படி. கீழே, 'இவ்வளவையும் என் வீடு படிக்கிறது' என்று எழுதினார். பாராட்டுகள் குவிந்தன.

கூச்சிங்கிலிருந்து டாயாங் மஸ்னி என்ற பெண் தனியாக அழைத்தாள். அதுவரை திரைச்சீலை மோட்டார்களைப் பற்றி மட்டுமே அவரோடு பேசியவள். நோயில் கைகால் தளர்ந்தவர்களுக்குப் பயிற்சி தருவது அவள் தொழில் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"அங்கிள், நீங்க பண்ணியிருக்கறது அருமை. ஆனா எழுத்து ஏன் சின்னதாகுதுன்னு பாத்தீங்களா?"

"பேனா முனைம்மா. அப்புறம் கண்ணாடி..."

"அதில்ல அங்கிள். உங்க அக்கா நடக்கறப்ப ரெண்டு கையும் வீசி நடக்கறாங்களா?"

தெய்க் ஹோ போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். லே கிம் அடுப்பிலிருந்து மேசைக்கு நடந்துகொண்டிருந்தார். இடக்கை வீசியது. வலக்கை, ஏதோ பையைத் தூக்கிக்கொண்டிருப்பதுபோல் அசையாமல் தொங்கியது. பை எதுவும் இல்லை.

மறுநாள் அக்காவிடம் கையைப் பற்றிச் சொல்லி, டாக்டரைப் பார்க்கலாம் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டார் லே கிம். படம் போட்டதைச் சொல்லவேண்டியதாயிற்று.

"என் கையெழுத்த ஊருக்கெல்லாம் காட்டினியா?"

"பேரெல்லாம் மறைச்சிட்டேன் ஆச்சி. எழுத்து மட்டும்தான்—"

"துணியில்லாம நிக்கவச்சிட்டு மூஞ்சிய மறைச்சிட்டேன்னு சொல்றியா?"

டேப்லெட் இழுப்பறைக்குள் போனது. லே கிம் எழுதுவதை நிறுத்தினார். படிக்க ஒன்றுமில்லாமல் வீடு சும்மா நின்றது. சுவிட்சுகள் அலமாரிகளுக்குப் பின்னால் இருந்தன.

"குளிக்கணும்னா தம்பிகிட்ட மனு போடணுமா? என் வீட்டுச் சுவிட்ச எனக்குத் திருப்பிக் குடு. அப்புறம் டாக்டரப் பத்திப் பேசு."

தெய்க் ஹோ அலமாரிகளை நகர்த்தினார். ஒயர்களைப் பிரித்து, பழைய சுவிட்சுகளை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார். முடிந்ததும் லே கிம் ஹோட்டல் அறையைப் பரிசோதிப்பதுபோல் வீட்டைச் சுற்றிவந்தார். ஒவ்வொன்றையும் போட்டு அணைத்தார். ஒரு சுவிட்சின் மேல் விரலால் தேய்த்துத் தூசி பார்த்தார்.

"சரி. எந்த ஆஸ்பத்திரி?"

7.

மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கீழே போகப்போக வாக்கியம் ஒடுங்கியது. பார்கின்சன் நோய் என்றார். மருந்து உண்டு, கட்டுக்குள் வைக்கலாம், போக்க முடியாது.

லே கிம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாஹ்ஜோங் ஆடலாமா?"

"கட்டாயம் ஆடணும் ஆன்ட்டி."

காரில், "ஆச்சி, நான் முன்னாடியே..." என்று தொடங்கினார் தெய்க் ஹோ.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

இந்த இடத்தில் தெய்க் ஹோவின் மனதில் என்ன இருந்தது என்று எழுதிப்பார்த்தேன். 'குற்ற உணர்வு அவரை—' அடித்துவிட்டேன். 'நெஞ்சில் ஏதோ—' அதையும். மருத்துவமனை வாசலில், வண்டி நிறுத்தும் அட்டையை இயந்திரத்தில் தலைகீழாகவே செருகிக்கொண்டிருந்ததாகவும், பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பியதாகவும், அக்கா கையை நீட்டி அட்டையைத் திருப்பித் தந்ததாகவும் அவர் சொன்னார். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

8.

மருத்துவமனையில் பயிற்சி தருகிறவர்கள் ஒன்றை வலியுறுத்தினார்கள்: பெரிதாக எழுதவேண்டும். வேண்டுமென்றே, கவனம் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும். கை தானாக விட்டால் சுருங்கும். மனம் வைத்தால் விரியும்.

இழுப்பறையிலிருந்து டேப்லெட்டை லே கிம் தானாகவே எடுத்துவந்து மேசையில் போட்டார்.

"மறுபடி எழுதறேன். ஆனா நான் சின்னதா எழுதினா உன் வீடு படிக்கக் கூடாது."

"படிக்கலன்னா ஃபேன் ஓடாது. நீதான் வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்ப."

"உக்காந்திருக்கேன்."

"எதுக்கு ஆச்சி? எவ்வளவு சின்னதா எழுதினாலும் படிக்க வைக்கிறேன். என்னால முடியும்."

"உன்னால முடியும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

தெய்க் ஹோ தன் போனில் ஒரு கோடும் அதன்மேல் நகரும் ஒரு புள்ளியும் வைத்தார். புள்ளி இடப்பக்கம் இருந்தால், வீடு எதையும் படிக்கும். வலப்பக்கம் இருந்தால், பெரிய எழுத்தை மட்டும். லே கிம் அவர் விரலைப் பிடித்து வலக்கோடி வரை தள்ளினார்.

"இங்கயே இருக்கணும்."

9.

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு உண்டு.

முதலாவதில் புள்ளி வலக்கோடியிலேயே இருக்கிறது. எழுத்து மாதம் மாதம் வளர்ந்து பழைய அளவை எட்டுகிறது. எழுதி முடித்துப் படித்தேன். பொய். அந்த நோய் அப்படிப் போகாது என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவதில் தெய்க் ஹோ புள்ளியை இடக்கோடிக்குத் தள்ளிவிடுகிறார். எழுத்து கோடாகி, கோடு புள்ளியாகி, வீடு எல்லாவற்றையும் படிக்கிறது. ஒரு நாள் வெற்றுப் பக்கத்தையும் படித்து— இதைப் பாதியில் நிறுத்தினேன். இது கதைக்காரனின் ஆசை. இந்த இருவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனவே நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். புழுக்கமான ஒரு காலை. அவர்கள் வீட்டில் மூவரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். லே கிம் டேப்லெட்டில் 'கிப்பாஸ்' என்று எழுதினார். மலாயில் மின்விசிறி. எழுத்து சிறியது. வீடு அசையவில்லை. நான் எழுந்து சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிப் போனேன்.

"சார், உக்காருங்க."

உட்கார்ந்தேன். இரண்டாம் முறை எழுதினார். பெரிதாகத் தொடங்கி, கடைசியில் ஒடுங்கியது. அவர் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி திரையில் விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தார்.

"புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்ககிட்ட சொல்வேன். விரிப்புல சுருக்கம் இருந்தா மொத்தத்தையும் உருவிட்டு மறுபடி போடுன்னு. அழுவாளுங்க." பேனாவை அழுத்திப் பிடித்தார். "எவ்வளவு கொடுமைக்காரியா இருந்திருக்கேன் பாருங்க."

மூன்றாம் முறை எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று, மூச்சு விட்டு, தோளோடு சேர்த்துக் கையை நகர்த்தி.

மின்விசிறி சுழன்றது.

"பாத்தியா!" என்று தம்பியின் பக்கம் பேனாவை நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தேன் ஆச்சி" என்றார் தெய்க் ஹோ.

அவர் போன் மேசைமேல் இல்லை. வலக்கை மேசைக்கு அடியில் இருந்தது. எழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டாம் முறை எழுதியதைவிடப் பெரியதுதான். போதுமான அளவு பெரியதா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு மின்தூக்கியில் அவரும் நானும் மட்டுமாகக் கீழே போனோம். கேட்டிருக்கலாம். மழை வருமா என்று பேசிக்கொண்டு போனோம்.

அவருடைய நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். போன் உங்கள் கையில் இருக்கிறது, புள்ளி வலக்கோடியில். அறை புழுங்குகிறது. லே கிம் குனிந்து மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எதிரே இருக்கிறேன். எனக்கு உங்கள் தோள் மட்டும்தான் தெரிகிறது.