என் மெட்டில் அவர் பெயர்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரசார ஆட்டோ என் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. மெட்டு என்னுடையது. வார்த்தைகள் வேறு யாருடையவோ.

"ரோடு போட்டுத் தாரது யாருங்க?" என்று ஒருத்தி பாட, "குமாரசாமி அண்ணனுங்க" என்று கோரஸாகப் பதில் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்தலில் நிற்கும் இந்தக் குமாரசாமியின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி எங்கள் ஊர்க் கிணறுகளைக் கெடுத்ததால்தான் அந்தப் பாட்டையே எழுதினேன். "கெணத்துத் தண்ணியக் கெடுத்தது யாருங்க?" என்று நான் பாடுவேன். "யாருங்க, யாருங்க" என்று கூட்டம் திருப்பிக் கேட்கும். முதலில் அவர் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருந்தேன். கேசட் போட்ட அழகிரிசாமி, வழக்கு வரும் என்று அந்த வரியை வெட்டினார். அப்படியும் கேசட் ஈரோடு வரை போனது. கல்லூரி விழா, போராட்டப் பந்தல், எங்கே போனாலும் இந்த லோகப்பிரியா அந்தப் பாட்டைப் பாடாமல் மேடையிலிருந்து இறங்க முடியாது என்று ஆனது.

மெட்டை அவர்தான் கொடுத்திருக்க முடியும். நேராகக் காந்திபுரத்தில் அழகிரிசாமியின் ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

"யாரக் கேட்டுங்க என்ற மெட்டக் குடுத்தீங்க?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. மெட்டுக்கு யாருங்க பட்டா வெச்சிருக்காங்க? எலக்சன் முடிஞ்சா மறந்துபோடுவாங்க. டீ சாப்பிடுங்க."

எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். டீயைத் தொடாமல் வந்துவிட்டேன்.

"வேற மெட்டுப் போட்டுக்கலாங்க அக்கா" என்றான் கீபோர்டு வாசிக்கும் தாரிக்.

"அவனுக்காக என்ற பாட்ட நான் எதுக்கு விட்டுக்குடுக்கோணும்?"

ஞாயிற்றுக்கிழமை ஊர் மைதானத்தில் மைக் கட்டினோம். முன்னால் பழனாத்தாள் அக்கா உட்கார்ந்திருந்தார். கிணறு சிவந்து, தென்னை எல்லாம் பட்டுப்போய், இப்போது குமாரசாமியின் பட்டறைக்கே கூலிக்குப் போகிறவர். அவரைப் பார்த்த ஆத்திரத்தோடு பாடினேன்.

"கெணத்துத் தண்ணியக் கெடுத்தது யாருங்க?"

பிரசார ஆட்டோ நாள் தவறாமல் ஊரைச் சுற்றியிருந்தது. பழக்கதோஷத்தில் மொத்தக் கூட்டமும் கைதட்டிப் பாடியது.

"குமாரசாமி அண்ணனுங்க."

தாரிக்கின் கை நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகிரிசாமி வெட்டிய வரியைக் குமாரசாமியே ஆட்டோ வைத்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஓரத்தில் நின்ற குமாரசாமியின் கட்சிக்காரர் மேடைக்கு வந்தார். "நிறுத்திப்போடுங்க அம்மணி. பொறவு நல்லா இருக்காதுங்க."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியைப் பாடினேன்.

"தென்னையப் பட்டுப்போக வெச்சது யாருங்க?"

இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேருக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. எனக்கு அவர்கள்மேலும் கோபம் வந்தது.

பழனாத்தாள் அக்கா எழுந்தார். கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"குமாரசாமி அண்ணனுங்க" என்றார். அதை அவர் பாடவில்லை. சொன்னார்.