நூற்றுப் பதினான்காம் புள்ளி

அன்று காலை முதல் செங்கமலத்துக்கு உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மறுபடி எழுந்துவிடுவாள். மூன்று மணிக்கு மெட்ராஸிலிருந்து கம்பெனி டைரக்டர் வருகிறார். அதற்குள் ஆலையின் புதுச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் திரையில் படமாக வந்து நிற்க வேண்டும். அதுவோ முந்தாநாள் மாலையிலிருந்து பாதி வழியில் படுத்துவிடுகிறது.

எண்பத்தேழாம் வருஷம். அரியலூருக்கு வெளியே இருந்த அந்தச் சிமெண்டு ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் கூடவே தற்காலிகமாக வந்தவள் செங்கமலம். படம் வந்தால் டைரக்டர் கையாலேயே நிரந்தர வேலைக்கான ஆர்டர் வாங்கித் தருவதாக மேனேஜர் தர்மராஜ் சொல்லியிருந்தார். வராவிட்டால் பழையபடி பெரம்பலூர் கோர்ட்டு வாசலில், புளியமரத்தடியில் உட்கார்ந்து டைப்ரைட்டரில் மனு அடிக்கலாம். ஏழு வருஷம் அடித்தாயிற்று. ஊரார் வரப்புச் சண்டையையும் விவாகரத்தையும் மூன்று நகல் எடுத்துக் கொடுத்தே முப்பது வயது ஆகிவிட்டது. திரும்பவும் அந்த மரத்தடிக்குப் போவதை நினைத்தாலே அவளுக்குக் கண் இருட்டியது.

காரியம் என்னவோ சொல்வதற்கு எளிதுதான். புதுச் சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தில் இருநூற்று இருபத்தெட்டு இடங்களில் துளை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு துளையும் எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை அடியில் கல் தட்டுகிறது என்று சர்வேயர் நோட்டில் எழுதியிருந்தார். செங்கமலம் அதை எண்ணாக அடித்து ஃபிளாப்பியில் ஏற்றினாள். ஒவ்வொரு துளையும் ஒரு புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து முக்கோணம் போட்டால், மண்ணுக்கு அடியில் கல் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பச்சைக் கோட்டில் ஒரு வலை திரையில் விரியும். எந்த மூன்று சேர்ந்து ஒரு முக்கோணம் என்ற பட்டியலையும் அவளே அடித்துக் கொடுத்தால், மெட்ராஸிலிருந்து வந்த புரோகிராம் மிச்ச வேலையைச் செய்யும். செய்ய வேண்டும். ஆனால் அவள் ஃபிளாப்பியைப் போட்டால் பத்து நிமிஷம் கரகரவென்று படித்துவிட்டு, 'டிவைட் எர்ரர்' என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு அப்படியே நின்றது.

"நீதாம்மா எதையோ தப்பா அடிச்சிருக்க," என்றார் தர்மராஜ், கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி. செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு அவர் அந்த ஏ.சி. அறைக்குள் வருவதே இல்லை. "மெஷினு பொய் சொல்லாது."

"ரெண்டு தடவ சரிபாத்துட்டேன் சார்."

"மூணாவது தடவ பாரு."

மூன்றாவது தடவையும் பார்த்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களை வெறும் கண்ணால் பார்ப்பது மணலில் கடுகு பொறுக்குவது மாதிரி. தண்ணீர் குடித்தாள். எழுந்து நடந்தாள். நாலு தப்படியில் சுவர் வந்துவிட்டது. பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மொத்தமாகப் பார்த்தால்தானே தெரியவில்லை, பாதியாக வெட்டிப் பார்த்தால் என்ன?

புள்ளிகளை இரண்டாக வெட்டி, முக்கோணங்களையும் அதற்கேற்ப வெட்டிக் கொடுத்தாள். பின்பாதி ஒழுங்காக ஏறியது. திரையில் அரைச் சுரங்கம் பச்சையாக விரிந்தது. முன்பாதி படுத்தது. முன்பாதியை மறுபடி வெட்டினாள். ஐம்பத்தேழு வரை சரி. அதற்கு மேல் படுத்தது. நடுவில் கரண்டு போய், ஜெனரேட்டர்காரனைத் தேடி ஓடி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இருந்தாலும் விடவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குற்றவாளி பதினைந்து புள்ளிகளுக்குள் வந்துவிட்டது. பதினைந்தைக் கண்ணால் பார்க்கலாம்.

நூற்றுப் பதின்மூன்றும் நூற்றுப் பதினான்கும் ஒன்றே. கிழக்கு அளவு அதே, வடக்கு அளவு அதே, ஆழமும் அதே. இரண்டு துளையும் ஒரே இடத்தில் இருந்தால் முக்கோணம் ஏது? வெறும் கோடுதான் மிஞ்சும். அதற்குப் பரப்பு கிடையாது. இல்லாத பரப்பால் வகுக்கச் சொன்னதும் மெஷின் கையை விரித்துவிட்டது.

தன் தப்பாகத்தான் இருக்கும் என்ற பயத்தோடு சர்வேயர் நோட்டைப் புரட்டினாள். நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. சர்வேயர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். துளை போட்டவன் இருக்கிறானே என்று ஆபீசுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு ஓடினாள்.

உத்திராபதி அங்கே துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை என்று சொன்னபோது, ஓடையோரத்துக் கொல்லையைக் கொடுத்துவிட்டுத் துளை மெஷினுக்கு வந்தவன்.

"அண்ணே, நூத்திப் பதினாலாம் நம்பரு துளை எங்க போட்டீங்க?"

அவன் கையிலிருந்த கல்லை வைக்கவில்லை. "போட்டேனே, ஓடைப் பக்கம்."

"நோட்டுல அதுவும் பதிமூணும் ஒரே எடம்னு இருக்கு. அதனாலதான் படம் வரல. எனக்கு ஆர்டரே போயிடும் போலருக்கு. உண்மையச் சொல்லுங்க."

உத்திராபதி கொட்டகை வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "போடலம்மா," என்றான். "பதினாலுக்குன்னு முளைக்குச்சி அடிச்ச எடம் எங்க கொல்லை ஓரம். எம்பொண்ணு சிந்தாமணிய அங்கதான் வச்சிருக்கேன். நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. எங்கள்ல புள்ளைங்கள எரிக்க மாட்டோம். மூணடி தோண்டி நாந்தான் வச்சேன். அதும் மேல மெஷின எப்படிம்மா எறக்குவேன்?"

"சர்வேயர் சாரு கேக்கலியா?"

"அவரு குடையப் புடிச்சிக்கிட்டு மரத்தடியில நின்னாரு. பதினாலு எங்கடான்னாரு. பதிமூணையே இன்னொருவாட்டி காமிச்சேன். கல்லையும் ரெண்டா ஒடச்சி ரெண்டு பொட்டியில போட்டேன்." கல்லை ஒருவழியாகக் கீழே வைத்தான். "அந்த நம்பர அழிச்சிடும்மா. யாருகிட்டயும் சொல்லிடாத. என் வேலையும் போயிடும்."

அழித்தாள். புள்ளியையும், அதைத் தொட்ட முக்கோணங்களையும் எடுத்துவிட்டு ஃபிளாப்பியைப் போட்டாள். பதினோரு நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். படம் வந்தது. சுரங்கம் முழுசாக, ஓடை வளைவில் மட்டும் கருப்பாய் ஒரு ஓட்டையோடு, வந்தது. சந்தோஷத்தில் தர்மராஜைக் கூப்பிட்டாள். தலையை நீட்டியவர் முகம் சுளித்தார்.

"இது என்னம்மா ஓட்டை? டைரக்டர் கேட்டா என்ன சொல்றது? அடைச்சிடு."

"அங்க கணக்கு இல்லைங்க சார்."

"சுத்திவர இருக்குல்ல? இழுத்துக் கட்டு. வலைதானே."

ஏன் கணக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உத்திராபதிக்காகத்தான் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாதி அது நிஜம், மறுபாதி அந்தப் புளியமரம். சுற்றியிருந்த புள்ளிகளை வளைத்துப் பிடித்துப் புது முக்கோணங்கள் போட்டு வேறு ஃபிளாப்பியில் ஏற்றினாள். ஓட்டை மறைந்தது. இனி நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால், அப்போதும் உட்கார முடியவில்லை.

டைரக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நல்ல மனுஷர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அவள் பேரைக் கேட்டார், நாற்காலியில் உட்கார்ந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். வேறு வழியில்லாமல் தர்மராஜும் வெறுங்காலோடு பின்னால் நின்றார்; கையில் ஆர்டர் வைத்த ஃபைல். கல் உருளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த உத்திராபதி கதவோரம் நின்றான்.

"பிரமாதம்மா," என்றார் டைரக்டர். பேனா முனையால் திரையில் ஓரிடத்தைத் தொட்டார். வலை அங்கேதான் நன்றாக மேலேறி நின்றது. "இந்த ஓடை வளைவுலதான் கல்லு மேலாக்க இருக்கு. முதல் வெடிய இங்கேயே வச்சிடலாம். என்னப்பா, நீதானே துளை போட்டது? இங்க மேல்மண்ணு எவ்வளவு?"

உத்திராபதி திரையைப் பார்க்கவில்லை. செங்கமலத்தைப் பார்த்தான். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவன் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது.

"மூணடி தோண்டினேங்க," என்றான்.

"கல்லு தட்டுச்சா?"

"இல்லிங்க. அதுக்குக் கீழ தோண்டல."

டைரக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். தர்மராஜ் ஃபைலைத் திறந்து ஆர்டரை அவர் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் தன் பெயர் அச்சடித்திருப்பதைச் செங்கமலம் பார்த்தாள். காலையிலிருந்து அவளை உட்காரவிடாமல் அடித்த பயம் இப்போது வெட்கமாகிவிட்டது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், இந்தப் படம் தப்பு," என்றாள். "கொஞ்சம் நேரம் குடுங்க."

ஃபிளாப்பியை மாற்றிப் போட்டாள். மெஷின் கரகரத்தது. பதினோரு நிமிஷம் ஓடியது. டைரக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். தர்மராஜ் அவளைப் பார்த்த பார்வையில் ஆர்டர் திரும்ப ஃபைலுக்குள் போயாயிற்று என்பது தெரிந்தது. படம் வந்தது, ஓட்டையோடு.

"இது என்ன?"

"அங்க துளையே போடலைங்க சார். கணக்கு இல்லாத எடத்த நான்தான் கோடு இழுத்து அடைச்சேன்."

"ஏன் போடல? அப்படி என்ன இருக்கு அங்க?"

உத்திராபதி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"சிந்தாமணி, சார்," என்றாள் செங்கமலம். "இவரு பொண்ணு. நாலு வயசு."