வெள்ளிக்கிழமை வட்டத்தில் சொன்னது

அந்த வெள்ளிக்கிழமை உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கணப்புக் குழாய்க்குப் பக்கத்தில், சாய்வு உள்ள ஒரே நாற்காலியில் ஸ்லாவ்கா. அவளுக்கு இடப்புறம், கொக்கிகளுக்குக் கீழே கிடக்கும் நீளப் பலகையில் தான்காவும் அவள் நாத்தனார் விதாவும். கதவோரம் கவிழ்த்துப்போட்ட தக்காளிக் கூடை மேல் கினா. நினைத்த நேரத்தில் எழுந்து போகத் தோதாக அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாள். ஜன்னலடியில் நான். ஆறாவது ஆள் முதலாளி லாம்பெவ். அவர் அதற்கு முன் எங்கள் வட்டத்துக்கு வந்ததே இல்லை. உட்கார இடமில்லாமல் கைகழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றார்.

எங்களுடையது சின்னத் தொழிற்சாலை. கோடை முழுக்கச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு கிளறித் தொக்காகப் புட்டிகளில் அடைப்போம். பருவத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அக்டோபரோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்து ஸ்லாவ்காவை விட்டால், மிச்சம் நாங்கள் நான்கு பெண்கள். குளிர்கால முட்டைகோஸ் ஊறுகாய்க்கு மூன்று பேர் போதும். யார் அந்த மூன்று பேர் என்று சொல்லத்தான் லாம்பெவ் வந்திருந்தார்.

அந்த இடம் எனக்கு ஏன் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ரலித்சா ஸ்பெயினில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். என் கணவர் நாஸ்கோவுக்கு முதுகு போனதிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவது அவள்தான். அனுப்ப வேண்டும் என்பதால் நர்ஸ் படிப்பில் சேராமல் விட்டுவிட்டாள். எனக்குக் குளிர்காலத்திலும் வேலை இருந்தால் அவள் அனுப்பத் தேவையில்லை, ஜனவரியில் சேர்ந்துவிடலாம்.

ஸ்லாவ்கா அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். அதைவிடப் பெரிய உறவு, அவள் எனக்குக் குமா. என் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் எனக்குப் பின்னே நின்று மெழுகுவர்த்தி பிடித்தவள். ரலித்சாவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கிய ஞானத்தாய். எங்கள் பக்கம் சொந்த அக்காவோடுகூடச் சண்டை போடலாம், குமாவோடு போட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வட்டம் அவள் கொண்டுவந்தது. தலைநகர் சோஃபியாவில் ஏதோ இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, "வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து அவங்கவங்க வாழ்க்கையில நல்லா இருக்கிறதைச் சொல்லணும். மனசு லேசாகும்" என்றாள். நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நாய்ப் பிழைப்பு என்பதுதான் மரியாதையான பதில். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் மரத்தைத் தட்டுவோம், சட்டைக் காலருக்குள் துப்பிக்கொள்வோம். ஸ்லாவ்கா விதி போட்டாள்: மரத்தைத் தட்டக் கூடாது, துப்பக் கூடாது, புலம்பக் கூடாது. வட்டத்தில் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது.

தான்காவும் விதாவும் பட்டும் படாமலும் எதையாவது சொல்வார்கள்: வெயில் நன்றாக இருந்தது, பேருந்து நேரத்துக்கு வந்தது. கினா விதியையே மதிக்கவில்லை. மூட்டு வலி, கூரை ஒழுகுகிறது என்று ஆரம்பித்துவிடுவாள். "நல்லதா ஒண்ணு சொல்லு, கினா" என்று ஸ்லாவ்கா கெஞ்சினால், "வலது மூட்டு இடதை விடக் கொஞ்சம் பரவாயில்ல" என்பாள்.

நான் ஒருத்திதான் முழு மனதோடு சொன்னேன். குமா கேட்கிறாள் என்று ஆரம்பித்தது, பிறகு எனக்கே பிடித்துப்போயிற்று. காலையில் நடந்து வரும்போதே, இன்று என்ன சொல்லலாம் என்று கண் தேடும். பட்டுப்போனதென்று நினைத்த பேரிக்காய் மரம் துளிர்த்ததைச் சொன்னேன். ரலித்சா அனுப்பியதில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியதைச் சொன்னேன். நாஸ்கோ இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு கை விறகைத் தானே மேலே தூக்கி வந்ததையும் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஸ்லாவ்கா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டில் நாஸ்கோவும் நானும்கூட ஆளுக்கொன்று சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தோம். வீட்டில் சிடுசிடுப்பு குறைந்திருந்தது. அது உண்மை, அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

லாம்பெவ் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர்களைச் சொன்னார். தான்கா. விதா. கினா.

பிறகு என்னைப் பார்த்துக் கனிவாகவே பேசினார். "நெவெனா, உங்களைப் பத்திக் கவலையில்ல. மக அனுப்புற பணத்துல மெஷின்கூட வாங்கிட்டீங்களாமே. வீட்டுக்காரரும் எழுந்து விறகு தூக்க ஆரம்பிச்சுட்டாராம். ரொம்ப சந்தோஷம். வசந்தத்துல பார்ப்போம்."

விறகு விஷயம் எங்கள் வீட்டையும் இந்த அறையையும் தவிர யாருக்கும் தெரியாது. நான் ஸ்லாவ்காவைப் பார்த்தேன். அவள் கணப்புக் குழாயில் கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின் அவள் அறைக்குப் போனேன்.

"குமா, அவருக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்கு ரொம்பத் தேவைன்னு கேட்டாரு. தெரிஞ்சதைச் சொன்னேன். பொய்யா சொன்னேன்? நீ சொன்னதுதானே."

"வட்டத்தைத் தாண்டாதுன்னு சொன்னது யாரு?"

"நல்ல சேதியைத்தானே வெளிய சொன்னேன். கெட்டதைச் சொல்லியிருந்தா நீ கோவிச்சுக்கலாம்."

"ரலித்சா படிப்பை விட்டது உனக்குத் தெரியும். அவளோட ஞானத்தாய் நீ. அதைச் சொன்னியா?"

"அதை நீ வட்டத்துல சொல்லலையே."

"சொல்ல விட்டியா? புலம்பக் கூடாதுன்னு விதி போட்டது நீதானே."

அவள் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. நாஸ்கோவுக்கு மறுபடி முதுகு பிடிச்சுக்கிச்சு, படுத்த படுக்கைதான்னு ரெண்டு வரி எழுதிக் குடு. மக வேலையும் போச்சுன்னு சேர்த்துக்க. நானே கொண்டுபோய்க் குடுத்து ஒரு வார்த்தை சொல்றேன். ஆள் இளகின மனசுக்காரன். விதாவை வசந்தத்துக்குத் தள்ளிடலாம்."

என் வாயில் வந்த நல்லதை எடுத்து விற்றவள், இப்போது அதையெல்லாம் பொய்யாக்கிக் கொடு, திரும்ப வாங்கித் தருகிறேன் என்கிறாள். அவள் முகத்தில் துளி வெட்கமில்லை. உதவி செய்கிற முகம்தான் அது. அன்று என்னைக் கட்டிக்கொண்டபோதும் இதே முகம்தான் இருந்தது.

வாசலில் கினா சிகரெட்டோடு நின்றாள். "உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. நான் கோடை பூரா என்ன சொன்னேன்? கூரை, மூட்டு, பூனை செத்துப்போச்சு. அந்தப் பூனை இப்ப என் கட்டில்ல தூங்குது."

"சிரிப்பு வரல, கினா."

"எனக்கும் வரல. உன் இடத்துல நான் உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஆனா எழுந்திரிக்க மாட்டேன், அதையும் சொல்லிடறேன்."

வீட்டில் நாஸ்கோ பீன்ஸ் சூப்பைச் சுடவைத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் வழக்கம்போல, "இன்னிக்கு என்ன தெரியுமா…" என்று தொடங்கினார். வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஸ்லாவ்கா கேட்ட இரண்டு வரியையும் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நாளையிலிருந்து நான் தெருவுல குனிஞ்சு நடக்கணுமா?"

"ரலித்சா படிப்பு…"

"தெரியும். நடக்கணும்னா நடக்கிறேன். நீயே சொல்லு."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடை பழகிய மனிதர், மகளுக்காக மறுபடி வளைந்து காட்டத் தயாராக இருந்தார். ஸ்லாவ்கா அவரை இப்படிக் கேட்க வைத்துவிட்டாளே என்றுதான் எனக்கு எரிந்தது. வேலை போனதைக்கூட அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, சமையலறை மேஜையில் கோடு போட்ட தாளை விரித்தேன். பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி இடது பக்கம் இரண்டு விரல் விட்டு எழுதினேன்.

"மதிப்புக்குரிய திரு. லாம்பெவ் அவர்களுக்கு. என் மகள் பணம் அனுப்புவது உண்மை. அதற்காக அவள் நர்ஸ் படிப்பை விட்டிருப்பதும் உண்மை. என் கணவர் விறகு தூக்கியது உண்மை. அதற்கு மேல் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியாது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் அந்த அறையில் சொல்ல அனுமதி இருந்தது. அதை நான் சந்தோஷமாகச் சொன்னேன். உங்களுக்குச் சாட்சியாகச் சொல்லவில்லை. வேறொருவர் இடத்தை எனக்குக் கேட்கவில்லை. நான்காவது ஆளாக அரை நாள் வேலை இருந்தால் வருகிறேன். இல்லையென்றாலும் எழுத்தில் சொல்லுங்கள். இனி என் வீட்டைப் பற்றி எதுவும் தெரிய வேண்டுமென்றால் என்னிடமே கேட்கவும்."

நாஸ்கோவிடம் படித்துக் காட்டினேன். "கடைசி வரி கொஞ்சம் காரம்" என்றார். விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஸ்லாவ்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "எழுதிட்டியா? மத்தியானத்துக்குள்ள கொண்டுவா, இன்னிக்கு அவர் நல்ல மூடுல இருக்காரு."

"எழுதிட்டேன். நீ சிரமப்பட வேண்டாம், ஸ்லாவ்கா."

இத்தனை வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பக்கம் காகிதங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முகவரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தொழிற்சாலை இதோ எதிர்லயே இருக்கே, நெவெனா. தெருவைத் தாண்டினா போதும். பதிவுத் தபாலா?"

"பதிவுத் தபால்தான். முதலாளி கையில மட்டும் குடுக்கணும்னு எழுதிக்குங்க. ஆபீஸ்ல குடுக்கக் கூடாது."

அவர் தோளைக் குலுக்கினார். நான் உறையின் விளிம்பை நாக்கில் ஈரப்படுத்தி, ஒட்டி, மூலைவரை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அவர் முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.