அடி ஓரம்

என் தம்பியும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் தபால்காரி நான். தம்பியின் பெண்டாட்டி பிரிந்துபோனபோது, "ஒருத்தியை வெச்சுக் குடும்பம் நடத்தத் துப்பில்ல" என்று இவர் வாயை விட்டார். அது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இவருக்கு அவன் "உன் தம்பி". அவனுக்கு இவர் "உன் வீட்டுக்காரர்". மச்சான், மாப்ளே எல்லாம் போச்சு.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கேரவன் ஒன்றை வாங்கினான். அதிலேயே குடியிருந்துகொண்டு ஊர் ஊராக வேலைக்குப் போகப் போகிறானாம். நாளைக் காலையில் கிளம்புகிறான். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. போவதற்குள் ரெண்டு பேரும் நேரில் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா என்று எனக்குக் கிடந்து அடித்துக்கொண்டது. ரெண்டும் கல்லுளிமங்கன்கள். அசைந்தால்தானே!

வண்டியின் இடுப்பைச் சுற்றி ஓர் அலுமினியப் பட்டை ஓடுகிறது. தகடுகள் சேரும் இடத்தை மூடுவது அதுதான். ஸ்க்ரூக்கள் துருவேறி, பட்டையோரம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கழற்றி, சுத்தம் செய்து, புது ஸ்க்ரூ போட்டு, சீலன்ட் பசை வைத்து அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே அரித்துவிடும். இவர் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருப்பவர். தினமும் செய்கிற வேலை. ஆனாலும் எங்கள் வாசலிலேயே நிற்கும் வண்டிப் பக்கம் போக மாட்டார். சமையலறை ஜன்னலில் நின்று மட்டும் வேவு பார்ப்பார்.

"பழைய பசையைச் சுரண்டாம மேலயே பூசறான் பாரு, மடையன். சுரண்டச் சொல்லு."

வெளியே போய், "சுரண்டிட்டுப் பூசினா நல்லாப் பிடிக்குமாம்டா" என்றேன்.

"உன் வீட்டுக்காரருக்குக் கை இல்லையாமா? வந்து சுரண்டச் சொல்லு."

உள்ளே வந்து, "சரிங்கறான்" என்றேன்.

திட்டுகிற வார்த்தையைக் குளிப்பாட்டித் தலைவாரித்தான் அனுப்புவேன். இல்லாவிட்டால் இந்த வீட்டில் யார் குடியிருப்பது?

சாயங்காலம் இவர் மறுபடி ஜன்னலில் நின்றார். "அந்த முட்டாள்கிட்ட சொல்லு, பட்டையோட மேல் ஓரத்தை மட்டும்தான் அடைக்கணும். அடி ஓரத்துல கை வெச்சான், தொலைஞ்சான்!"

முட்டாளையும் தொலைஞ்சானையும் எடுத்துவிட்டுப் போய், "அடி ஓரத்துல கவனமா இருக்கச் சொன்னார்டா" என்றேன்.

டைல்ஸ்காரனுக்கு இடைவெளியைக் கண்டாலே கை அரிக்கும். கவனமாகத்தான் இருந்தான். அடி ஓரம் முழுக்க ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்து, விரலை நனைத்து வழவழவென்று இழுத்துவிட்டான்.

துண்டு காயப்போட வந்த இவர் அப்படியே நின்றார். "ஐயையோ! மாப்ளே, என்னடா பண்ணி வெச்சிருக்கே! உள்ள போன தண்ணி எந்த வழியா வெளிய வரும்? அங்கயே நின்னு அரிக்காதா?"

"நீங்கதானே அடி ஓரத்துல கவனம்னு சொல்லி அனுப்பினீங்க!"

"நானா? கை வெச்சா தொலைஞ்சேன்னு சொன்னேன். முட்டாள்னுகூடச் சொன்னேனே!"

"வரலையே."

ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான், மச்சான்."

"என்கிட்டயே சொல்றியா? கட்டிக்கிட்டு மாரடிக்கிறவன் நான்."

எனக்கு வந்ததே கோபம்! இவர்களுக்கு நடுவில் நடந்தே கால் தேய்ந்தவள் நான். திட்டு மட்டும் கூட்டாக வருகிறது. ஆனால் மச்சான், மாப்ளே என்று காதில் விழுந்ததும் வாயைத் திறக்க மனசு வரவில்லை.

சீலன்ட் இறுகுவதற்குள் எடுக்க வேண்டும். இவர் கத்தியால் கீற, தம்பி துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். பாதி வண்டி தாண்டியதும் இவர் கத்தியை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று இழுத்துவிட்டு என் பக்கம் பார்த்தார்.

"நேர்லயே சொல்லுங்க மச்சான். அவகிட்ட கொடுத்தா அழகாக்கிடுவா."

"தப்புடா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஆமா. கூடாதுதான்" என்றான் தம்பி.

என்னிடம் கொடுத்திருந்தால், "பரவாயில்லைங்கறான்" என்று கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.

இவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டி, "அந்தத் துணியை இப்படிக் கொடு" என்றார். கேட்டது என்னிடம் இல்லை, தம்பியிடம்.