நரோக்கைக் கூப்பிட்ட குரல்

செவ்வாய்க்கிழமை என்றால் பள்ளிக்கூடத்துப் பீன்ஸ் அடிபிடித்துவிடும். சமைப்பவள் அடுப்படியில் இருந்தால்தானே? நமுன்யாக் அன்றைக்கு வகுப்பறைக் கதவில் சாய்ந்து, கையில் கரண்டியோடு, டிவியில் தெரியும் கதாம்பியை முறைத்துக்கொண்டு நிற்பாள்.

கதாம்பி மேரு ஊர்ப் பெண், காட்டு விலங்குகளைப் பற்றிப் படித்தவள். ஆற்றுக்கு மேற்கே இருக்கும் காப்புக்காட்டில் வண்டியில் சுற்றிக்கொண்டு, வாரம் ஒரு நாள் தன் போன் வழியாக வகுப்போடு நேரடியாகப் பேசுவாள். வரிக்குதிரையைக் காட்டுவாள், சிறுத்தையின் கால்தடத்தைக் காட்டுவாள். இங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்வி அங்கே அவள் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் கேட்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் காட்டோரத்தில் மாடு மேய்த்து வளரும் சம்புருப் பிள்ளைகளுக்கு வரிக்குதிரையை டிவியில் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

"அவ மிருகத்தக் காட்ட வரல சார். நம்ம மாட்ட மோப்பம் பிடிக்க வரா," என்றாள் ஆசிரியர் லெஷோரேயிடம்.

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்க்கா. பீன்ஸுக்கு உப்பு போட்டமான்னு உன் கை மேலயே சந்தேகம். அதான் ரெண்டு தடவ போடுற."

லெஷோரேக்குச் சம்பளம் வருகிறது, மாடு கிடையாது. அவர் சிரிக்கலாம். நமுன்யாக் சும்மா சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு வாரமும் கதாம்பி, "இந்த வாரம் என்ன பாத்தீங்க, எங்க பாத்தீங்க?" என்று தேனாகக் கேட்பாள். ஒரு வாண்டு எழுந்து, "பெரிய பாறைக்குப் பின்னால கொம்பு முறுக்கின மானு!" என்றது. பெரிய பாறை இருப்பது மேய்ச்சல் கூடாத காப்புக்காட்டுக்குள். மேய்க்கப் போகாதவன் அங்கே எதற்குப் போனான்? அந்த வாரமே அந்த வாண்டு வீட்டு ஆடுகளைக் காட்டுக் காவலர்கள் பிடித்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புல் கிடையாது. ஊரே விடிவதற்குள் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டுகிறது. பிடிபட்டால் காவலர்களின் பட்டியில் அடைப்பார்கள். அங்கே போன மாடு திரும்பி வந்ததை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. நமுன்யாக்கின் மந்தையைப் போன வறட்சி தின்றுவிட்டது. மிஞ்சிய பசு நரோக் ஒருத்திதான். கன்னங்கரேல் என்று இருப்பாள். கன்றாக இருக்கும்போதே நமுன்யாக்கின் புருஷன் அவள் இடது கொம்பைக் கன்னத்தை நோக்கி வளைத்துவிட்டிருந்தான். அவள் பாலைத்தான் வீட்டில் கட்டியிருக்கும் கன்றும் கைக்குழந்தையும் பங்கு போட்டுக்கொண்டன.

அதனால் வகுப்பில் படிக்கும் மகள் நைசுலாவிடம் கண்டித்துச் சொல்லியிருந்தாள்: "கேட்டா காக்காய மட்டும்தான் பாத்தேன்னு சொல்லு." பிள்ளையும் வாரா வாரம் காக்கா என்றே சொன்னது. "உனக்குக் காக்கான்னா அவ்வளவு பிடிக்குமா நைசுலா?" என்று கதாம்பி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் நமுன்யாக்குக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கதாம்பி வரிக்குதிரைக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் விலகியது. பின்னால், வளைந்த கொம்போடு, கறுப்பாக ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கொம்பைத் தெரியாத பிள்ளை அங்கே கிடையாது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. திறந்தது நமுன்யாக்தான்.

"நரோக்!"

தன்னையறியாமல் கத்திவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி அதை அப்படியே கத்தியது. நரோக் தலையைத் தூக்கினாள். "ம்மா" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டு நேராக வண்டிக்கு வந்தாள். திரை முழுக்க ஈர மூக்கு.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நமுன்யாக் சிரிக்கவில்லை. ஊரில் யாரும் செய்யாத காட்டிக்கொடுக்கிற வேலையை அவளே செய்துவிட்டாள்.

"இது யாரு மாடு?" என்றாள் கதாம்பி.

மேய்க்கப் போன புருஷன் வண்டிச் சத்தம் கேட்டு எந்தப் புதரில் படுத்திருக்கிறானோ.

"அக்கா, கூப்பிட்டது நீங்கதானே? கேளுங்க. காவல் வண்டி இந்தப் பக்கம் சுத்திட்டு இருக்கு. நான் போனப் பின்கண்ணாடில வச்சிட்டு மெதுவா ஓட்டுறேன். நீங்க கூப்பிட்டுட்டே இருந்தா உங்க குரலுக்குப் பின்னாலயே வரும். ஆத்தத் தாண்டி விட்டுடுறேன்."

"உனக்கு ஏன் இந்த அக்கற?"

"அப்புறம் பேசலாம்க்கா. கூப்பிடுங்க."

லெஷோரே அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். நமுன்யாக் டிவிக்கு முன்னால் போய் நின்று, பால் கறக்கும்போது பாடுகிற பாட்டை எடுத்தாள். வண்டி நகர்ந்தது, நரோக் பின்னாலேயே வந்தாள்.

திரையில் மாட்டின் முகம் மட்டும்தான் தெரிந்தது. வண்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை. வேண்டுமென்றே இப்படி வைத்தாளோ? நமுன்யாக் வெயிலைப் பார்த்தாள். ஆறு கிழக்கே. காலை வெயில் நரோக்கின் கண்ணில் விழுந்து அவள் கண்ணைச் சுருக்கும் வரை எல்லாம் சரி. நமுன்யாக் பாடினாள்.

திடீரென்று வெயில் கண்ணை விட்டு வலப்பக்கக் கன்னத்துக்குப் போனது. கதாம்பி வடக்கே திரும்பிவிட்டாள். வடக்கே இருப்பது காவலர் பட்டி.

பாட்டு நின்றது. நரோக்கும் நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"எங்கடி ஓட்டிட்டுப் போற?"

"ஆத்துல யானைங்க நிக்குதுக்கா, குட்டியோட. சுத்திப் போறேன். பாடுங்க, நேரமில்ல."

"பொய். பட்டிக்குத்தான் போற. திருப்பிக் காட்டு."

"அக்கா, கெஞ்சிக் கேக்குறேன், பாடுங்க."

"காட்டுடி முதல்ல!"

வண்டி நின்றது. கதாம்பி இறங்கிப் போனைத் திருப்பினாள். ஆற்று மணலில் யானைகள் தும்பிக்கையால் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி தாயின் கால்களுக்கு நடுவே நின்றது. பிள்ளைகள் "ஹோ" என்றார்கள். நமுன்யாக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. போன் திரும்பியபோது நரோக்கின் கழுத்தில் கயிறு விழுந்திருந்தது. "என் பாடத்துக்காகத்தாங்க நிக்குது, விடுங்க," என்று கதாம்பி காவலர்களோடு மல்லுக்கட்டுவது கேட்டது. யார் கேட்டார்கள்? நமுன்யாக் தொண்டை கிழியப் பாடினாள். நரோக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். கயிறு இறுகியது. அவ்வளவுதான், படம் அறுந்துபோனது.

அன்றிரவு கன்று கத்தியது. குழந்தையும் கத்தியது. இன்னும் கொஞ்சம் பாடியிருந்தால் என்ன என்று புருஷன் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை இல்லை. இருந்தாலும் லெஷோரே அடுப்படிக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். டிவியில் கதாம்பி, அவளுக்குப் பின்னால் முள்வேலி, வேலிக்குள் நரோக்.

"விடச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்க்கா. இன்னும் ஒத்துக்கல. மடி கல்லு மாதிரி கட்டிருக்கு, யாரையும் கறக்க விடமாட்டேங்குது, எத்துது. நீங்க பாடினா பால் சுரக்கும்."

"கறந்த பால யார் குடிக்கப் போறாங்க? அந்தக் காக்கிச் சட்டக்காரங்களா?"

"உங்க கன்னுக்கும் குழந்தைக்கும்தான். நானே ஆத்துக்குக் கொண்டுவரேன்."

நமுன்யாக் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில், உதட்டில், சிரிப்பு வரும் இடத்தில் எல்லாம் பொய்யைத் தேடினாள். பொய்யும் கிடைக்கவில்லை, மெய்யும் கிடைக்கவில்லை. வேலிக்குள் நரோக் காதை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தாள்.

நமுன்யாக் பாடத் தொடங்கினாள். கதாம்பி பாத்திரத்தோடு உட்கார்ந்து குனிந்ததும் அவள் முகமும் கையும் திரையில் மறைந்துவிட்டன. பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நம்பினாளா என்றால், இல்லை. ஆனால் இந்தத் தடவை பாட்டை நிறுத்தவில்லை.