கோணேஸ்வரி எழுதாத சோதனை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கனடாவில், மார்க்கம் என்ற ஊரின் கலியாண மண்டபமொன்றில் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக நின்றவனைப் பிடித்து, "நீங்கள் கதை எழுதுறனீங்களாம். அப்ப இதையும் எழுதுங்கோ" என்று கோணேஸ்வரி தந்தது. கூடவே ஒரு கட்டளை: "என்ர மனுசனைப் பாவமெண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ."

முதல் தொடக்கம்: 'சிம்கோ ஏரியில் அன்று காற்று...' சீ, வேண்டாம். காற்றில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: கோணேஸ்வரி நிரப்பிய படிவம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

இது நிற்கட்டும்.

2

ரொறன்ரோவில் அவளுடைய சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் குடியுரிமை, பென்ஷன், பள்ளி அனுமதி எல்லாம் அவள் நிரப்பியதுதான். கணவர் குஞ்சித்தம்பிக்குக் கையெழுத்துப் போடுவது ஒன்றே வேலை. திருகோணமலைத் துறைமுகத்தில் இருபது வருடம் லோஞ்ச் படகு ஓட்டிய மனுசன் அவர். இங்கே வந்து, பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்யும்போது முதுகில் அடிபட்டு, இரண்டு வருடமாகச் சோபாவே கதியென்று கிடந்தார். பழைய மோட்டார் படகொன்று வாங்கிய பிறகுதான் எழும்பினார், சிரித்தார். அந்தச் சிரிப்பு போய்விடக்கூடாதே என்று கோணேஸ்வரி ஓடி ஓடிப் படகு லைசென்ஸ் எடுத்தாள். நம்பரைப் படகின் இரண்டு பக்கமும் ஒட்டினார்கள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அது படகுக்கான லைசென்ஸ். ஓட்டுகிற ஆளுக்கு வேறு அட்டை, அதைச் சோதனை எழுதித்தான் எடுக்க வேண்டும். காருக்கு நம்பர் தகடு இருந்தால் சாரதிக்கு லைசென்ஸ் வேண்டாமா? இவ்வளவு படிவம் நிரப்பியவள் இதைக் கோட்டைவிட்டாள். எனக்கும் அன்றுதான் தெரியும்.)

ஏரியில் பொலிஸ் மறித்து அட்டையைக் கேட்டது. கரையில் நாலு குடும்பம் பார்த்திருக்கத் திரும்பி வந்தார்கள். "படகை வித்துப்போடும்" என்றார் குஞ்சித்தம்பி. திரும்பவும் சோபா. கோணேஸ்வரிக்குத் தெரியும்: இந்த முறை படுத்தால் மனுசன் எழும்பமாட்டார்.

3

சோதனை இணையத்தில். அவர் பெயரில் அவளே எழுதிவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? என் முதல் பிரதியில் எழுதியும்விட்டாள். ஐம்பதுக்கு ஐம்பது வாங்கி...

வெட்டினேன். ஏனென்றால் நடந்தது இது:

"நான் எழுதிவிடுறன். நீங்கள் வழமைபோலக் கையெழுத்தைப் போடுங்கோ."

"கடல் சோதனையையுமா கோணேஸ், நீர் எனக்காக எழுதப்போறீர்?"

(கடல் அல்ல, ஏரி. திருத்தப் போனேன், மனம் வரவில்லை.)

அன்றைக்கே ஆங்கில அகராதியோடு உட்கார்ந்தார். அறுபத்தொரு வயதில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் படிப்பு! அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். முதல் தடவை ஒரேயொரு கேள்வியால் தவறினார். மிதவைதான் கவிழ்த்தது, படகுக்கு வழிகாட்டத் தண்ணீரில் மிதக்கவிடும் அடையாளம். துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை திருகோணமலையில் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும், கனடாவில் வலக்கைப் பக்கம். ஒன்றுமே அறியாதவன் தேறியிருப்பான், தொழில் தெரிந்த மனுசன் விழுந்தார்.

ஆனால் படகை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. "நாளைக்குத் திரும்ப எழுதலாமாம்" என்றார்.

4

மறுநாள். அவர் கணினிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருக்க, அவள் அந்தக் கதிரைக்குப் பின்னால். கடைசிக்கு முந்தின கேள்வி அதே மிதவை. அவருடைய கை, அம்புக்குறியை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயே நின்றது.

கோணேஸ்வரிக்குப் பதில் நாக்கு நுனியில். முப்பது வருடமாக அவருக்காக எழுதிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தேத்தண்ணி போடப்போறன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போனாள். போகும்போது கதவையும் சாத்தினாள். அதற்காக அவளைக் கும்பிடலாம்.

தேறினார் என்று ஒரு முடிவு எழுதினேன். தவறினார் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். பதில் தெரிந்தும் அவளே வெளியே போய்விட்டாள், நான் யார் உள்ளே நிற்க?

இப்போது அந்தக் கதிரைக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தான். பதில் உங்களுக்கும் தெரியும்.

சொல்லிவிடாதீர்கள்.