தாய்மாமன் தைத்த பெல்ட்

என் மகளுக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காரில் ஏற்றிக் குழந்தை சீட்டில் பெல்ட் போட்ட முதல் நாள் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு என் அண்ணன் ‘சில்வண்டு’ என்றான். அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. தெரிந்த வார்த்தைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது ‘மாத்தேன்’, அதாவது மாட்டேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தலைகால் புரியாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து எனக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பெயர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வண்டி ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

என் காரில் ஒரே சட்டம். சில்வண்டு பெல்ட்டுக்குள் இருந்தால் வண்டி ஓடும். கையை உருவி வெளியே எடுத்தால் ஓரமாக நிற்கும். கை திரும்ப உள்ளே போன பிறகுதான் நகரும். அழுகை, கெஞ்சல், வாந்தி எடுப்பதுபோல் நடிப்பு, எதுவும் செல்லாது. அவளும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. தோளை ஒடுக்கி, வயிற்றை எக்கி, ஒரு கையை உருவிவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் அப்படியே என் முகம் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் கடைத்தெருவில் இப்படித்தான் நிறுத்திவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் வேலை மெனக்கெட்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“குழந்தை தொண்டை கிழியக் கத்துதே, உனக்குக் காதுல விழலையா? எடுத்து மடியில வச்சுக்கோம்மா.”

“பிரேக் அடிச்சா மடி பிடிச்சு நிறுத்துமா?”

“என்ன பொம்பளைடி இவ!” என்று பொதுவாக ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். ஊர் வாயைப் பார்த்தால் நான் வண்டியே ஓட்டியிருக்க மாட்டேன்.

ஊரைச் சமாளித்துவிடலாம். அண்ணனைத்தான் சமாளிக்க முடியாது. அவன் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். கடை முழுக்க ஃபோமும் ரெக்சினும் குவிந்திருக்கும். நடுவே ஒரு கனமான தையல் மெஷின், அதன் மேல் சில்வண்டின் படம். மருமகள் கண்ணில் தண்ணீர் வந்தால் அவனுக்கு உயிரே போய்விடும். ஒருமுறை பின்சீட்டில் வரும்போது, எனக்குத் தெரியாமல் பெல்ட்டின் பக்கிளைக் கழற்றி அவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வண்டியை நிறுத்தி நடுவழியில் அவனை இறக்கிவிட்டேன். கூடப் பிறந்தவன் என்றும் பார்க்கவில்லை. வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனான்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் தானாகவே வந்தான்.

“சீட்டுத் துணி சொரசொரன்னு இருக்கு. அதான் குழந்தை உட்கார மாட்டேங்குது. ஒரு நாள் குடு, வெல்வெட் போட்டுத் தரேன்.”

கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ராஜ சிம்மாசனம்போல் திரும்பி வந்தது. கத்திரிப்பூ நிற வெல்வெட், தலை சாயும் இடத்தில் இரண்டு முயல் காது. தோள் உறுத்தாமல் இருக்க பெல்ட்டுக்கும் வெல்வெட் உறை. சில்வண்டை உட்கார வைத்தேன். பெல்ட்டை இழுத்து இறுக்கினேன், விரல் விட்டுப் பார்த்தேன், சிக்கென்று இருந்தது. அவள் அழவில்லை! முன்னால் குனிந்து தன் கால் விரலைப் பிடித்துப் பார்த்தாள், சாய்ந்தாள், முயல் காதைப் பிடித்துச் சிரித்தாள். கையை உருவவே இல்லை.

என் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் தலைகால் தெரியாமல் திரிந்தேன். பயிற்சிக்கு வந்தவர்களிடம்கூட அளந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் தெரு முனையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. ஒன்றும் வேகமில்லை. பிரேக் போட்டேன், நாய் பிழைத்தது. பின்னால் ‘டொப்’ என்று ஒரு சத்தம். ஒரு நொடி அமைதி. பிறகுதான் சில்வண்டு வீறிட்டாள். இது பிடிவாத அழுகை இல்லை, வலித்த அழுகை. திரும்பிப் பார்த்தேன். என் சீட்டின் முதுகில் முகம் இடித்து உதடு கிழிந்திருந்தது. தாடையெல்லாம் ரத்தம். பெல்ட் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அவள் அவ்வளவு தூரம் எப்படி வந்தாள்?

வீட்டுக்கு வந்து அவளை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு சீட்டைக் கழற்றினேன். தோள் பெல்ட்டைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. விட்டால் சுருங்கியது. வெல்வெட் உறையைக் கிழித்தேன். பெல்ட்டை நடுவில் வெட்டி, அகலமான எலாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது. அந்தத் தையல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது என் பை வார் அறுந்தால் அண்ணன் அப்படித்தான் தைத்துக் கொடுப்பான்.

வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரர் குழந்தையின் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டே, “ஆசையா செஞ்சிருக்காரு. பக்குவமா எடுத்துச் சொல்லு. உறவு முறிஞ்சிடப் போகுது,” என்றார். அவர் எப்போதும் மதில்மேல் பூனை.

“உறவு முறிஞ்சா ஒட்டிக்கலாம். கழுத்து முறிஞ்சா?”

சீட்டைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு நேராக அண்ணன் கடைக்குப் போனேன். வெட்டு மேஜையில் விரித்திருந்த ரெக்சின்மேல் அதை வைத்தேன்.

“எலாஸ்டிக் வச்சது யாரு?”

“நான்தான்!” அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “வெளிய தெரியவே தெரியாதுல்ல? எப்படிக் கண்டுபிடிச்ச?”

“அவ உதடு கிழிஞ்சு கண்டுபிடிச்சேன்.”

பெருமை வடிந்துவிட்டது. உடனே குழந்தையைப் பார்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“பார்க்கறது அப்புறம். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு.”

“நீ பிரேக்கை மெதுவா போட்டிருக்கணும். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கறவதானே?” என்று எகிறினான். “குழந்தை குனிஞ்சு நிமிர வேண்டாமா? மூச்சு விட வேண்டாமா? கைதி மாதிரி கட்டி வச்சிருந்த. நான் தச்ச அப்புறம் அழுதாளா? என் தையல் பிரிஞ்சுதா? ஒரு நூல் பிரிஞ்சிருக்கா, காட்டு!”

பிரியவில்லை. அவன் தையல் பிரியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சரி, அவ்வளவு நல்ல வேலையைக் குழந்தைக்கு மட்டும் ஏன் செய்யணும்? எனக்கும் செய்.”

மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் திணித்தேன். வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, என் பெல்ட்டை உருவி வெளியே நீட்டினேன்.

“இதை வெட்டு. அதே எலாஸ்டிக், அதே தையல். நல்லா குனிஞ்சு நிமிர்ந்து ஓட்டறேன். இப்படியே நேரா பெரிய ரோட்டுக்குத்தான் போறேன்.”

பின்னாலேயே வந்தவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

“வெட்டுண்ணே.”

என் வீம்பு அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அதே வீம்புதான். பெல்ட்டைக் கத்தரிக்கோலின் வாய்க்குள் வைத்தான். எத்தனையோ கார்களின் ரெக்சினைக் கோடு போடாமலே வெட்டுகிற கை அது. அசையவில்லை.

“விளையாடாத.”

“வெட்டுன்னு சொல்றேன்ல!”

“பைத்தியமா உனக்கு? எவனாவது குறுக்க வந்து நீ பிரேக் அடிச்சா, எலாஸ்டிக் இழுத்துக்கிட்டே போகும். மூஞ்சி நேரா போய் ஸ்டியரிங்ல…”

அங்கேயே நின்றுவிட்டான்.

சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். கத்தரிக்கோல் மெல்லக் கீழே இறங்கியது. கடைப் படியில் போய் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

“அவ அழுதா என்னால தாங்க முடியலடி.”

“எனக்கு மட்டும் தாங்குதா?” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். “ஆனாலும் அழட்டும்ணே. அழறதுக்கு அவ இருக்கணும்.”

எழுந்தான். “எலாஸ்டிக்கை எடுத்துட்டு, டபுள் தையல் போட்டு முன்ன மாதிரியே…” என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். உயிரைப் பிடிக்கிற பெல்ட்டில் ஒருமுறை கத்தரி பட்டால் பட்டதுதான். மேஜைக்குப் போய், எல்லாப் பட்டைகளையும் தானே துண்டு துண்டாக வெட்டினான். குப்பையிலிருந்து எடுத்து வேறு யாரும் தங்கள் குழந்தையை அதில் உட்கார வைத்துவிடக் கூடாது என்பதற்காக. முயல் காதுகளை மட்டும் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

உதடு ஆறியதும் புது சீட் வாங்கப் போனோம். சாம்பல் நிறம், துணி சொரசொரப்புதான். அண்ணன் அதைத் தடவிப் பார்த்து வாயைத் திறந்தான். “ஊசி படக்கூடாது,” என்றேன். மூடிக்கொண்டான்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், வீட்டுக்காரர் என் பக்கத்தில். பின்னால் சில்வண்டும் அவள் மாமனும். பின்சீட்டில் பெல்ட் போட்டே அறியாதவன், நான் சொல்லாமலே போட்டுக்கொண்டான். தெரு திரும்புவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். தோளை ஒடுக்கினாள், வயிற்றை எக்கினாள், ஒரு கையை உருவிவிட்டாள். விடுபட்ட கையை அவனிடம் நீட்டி, “மாமா, தூக்கு! மாமா!” என்று கதறினாள்.

நான் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினேன். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தச் சின்னக் கையைப் பிடித்தான், முத்தம் கொடுத்தான், கொடுத்த கையோடு அதைப் பெல்ட்டுக்குள் நுழைத்தான். பட்டையை இழுத்து இறுக்கினான்.

“மாட்டேன்,” என்றான்.

மாமன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. திகைத்துப்போய் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு, முன்னைவிட இரண்டு மடங்காகத் தொடங்கினாள்.

“கத்து மருமகளே, நல்லா கத்து,” என்றான், கண்ணைத் துடைக்காமலே. “மாமா மாட்டேன்.”

நான் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.